துத்தநாக ஆக்சைடு ஏன் பச்சையாக ஒளிர்கிறது? உலோக ஆக்சைடு நானோதுகள்களின் தயாரிப்பும் ஒளியும்

கணக்குப்படி பார்த்தால் துத்தநாக ஆக்சைடு பச்சையாக ஒளிரவே கூடாது. அதன் பட்டை இடைவெளி, அதாவது ஒரு எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அறை வெப்பநிலையில் 3.37 எலக்ட்ரான் வோல்ட். ஆற்றலை அலைநீளமாக மாற்ற 1240-ஐ இந்த எண்ணால் வகுத்தால் 368 நானோமீட்டர் வருகிறது. அது புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கரைசலில் புதிதாகத் தயாரித்த துகள்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், பெரும்பாலும் பச்சையோ மஞ்சளோ தெரிகிறது, சில சமயம் ஆரஞ்சும் தெரிகிறது. சேர்மம் ஒன்றுதான், படிக அமைப்பும் ஒன்றுதான், நிறம் மட்டும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. உலோக ஆக்சைடு நானோதுகள் எப்படி ஒளிர்கிறது என்று பேச வேண்டுமானால் இந்தச் சர்ச்சையிலிருந்து தொடங்குவதுதான் வசதி. துகளைச் செய்த விதம் அதன் ஒளியில் எவ்வளவு அப்பட்டமாகத் தெரியும் என்பதை வேறெதுவும் இவ்வளவு நன்றாகக் காட்டாது.

முதலில் அடிப்படை. புற ஊதா ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான், அணுக்களோடு பிணைந்திருக்கும் இணைதிறன் பட்டையிலிருந்து, சுதந்திரமாக நகரக்கூடிய கடத்துப் பட்டைக்குத் தாவுகிறது. அது விட்டுவந்த காலி இடத்தைத் துளை என்கிறோம். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சோடியாக இருக்கும். அதற்குப் பெயர் எக்சைட்டான். சோடி ஒன்றுசேர்ந்து மறையும்போது ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. துத்தநாக ஆக்சைடில் இந்தப் பிணைப்பின் வலிமை 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் குலுக்கல் சுமார் 26 தான். ஆகவே சோடி அவ்வளவு எளிதில் பிரியாது. நீல விளக்குகளில் பயன்படும் காலியம் நைட்ரைடில் அந்தப் பிணைப்பு ஏறத்தாழ 25 மட்டுமே. துத்தநாக ஆக்சைடின் மேல் எல்லோருக்கும் ஆசை வந்ததற்கு இதுவே காரணம். 1998-இல் நுண்படிகங்களால் ஆன அதன் மென்படலத்தில் அறை வெப்பநிலையிலேயே புற ஊதா லேசர் கிடைத்தது. 2001-இல் பெர்க்லியில் அதன் நானோ கம்பிகளே லேசராகின.

அந்த ஆசை முழுதாக நிறைவேறவில்லை. எல்இடி செய்ய எலக்ட்ரான் மிகுந்த அடுக்கும் வேண்டும், துளை மிகுந்த அடுக்கும் வேண்டும். துத்தநாக ஆக்சைடு முதலாவதாகத் தானாகவே இருக்கும். இரண்டாவதாக மாறச் சொன்னால் அடம்பிடிக்கும். 2005-இல் ஜப்பானில் ஒரு குழு அதைச் சாதித்துக் காட்டி ஊதா ஒளியும் வரவழைத்தது. ஆனாலும் காலியம் நைட்ரைடின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை.

நானோ அளவு என்றதும் பலருக்கு நினைவு வருவது குவாண்டம் புள்ளிகள், அதாவது அளவைப் பொறுத்து நிறம் மாறும் சில நானோமீட்டர் படிகங்கள். 2023-இல் மௌங்கி பாவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, பெரிய துகள் சிவப்பு, சிறிய துகள் நீலம் என்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. காட்மியம் செலினைடுக்கு அந்தப் படம் அருமையாகப் பொருந்தும். ஆக்சைடுகளுக்கு அதை அப்படியே ஒட்டவைப்பதுதான் சிக்கல். துத்தநாக ஆக்சைடிலும் அளவு குறையக் குறைய இடைவெளி விரியத்தான் செய்கிறது. 3 நானோமீட்டர் விட்டமுள்ள துகளின் உட்கவர்வு விளிம்பு (ஒளியை உறிஞ்சத் தொடங்கும் அலைநீளம்) 350 நானோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் இது புற ஊதாவிலிருந்து இன்னும் ஆழமான புற ஊதாவுக்குப் போகும் நகர்வு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதுவும் 8, 10 நானோமீட்டரைத் தாண்டினால் நகர்வு கிட்டத்தட்ட மறைந்துவிடும். 40 நானோமீட்டர் துகளைச் செய்துவிட்டு அதன் நிறத்துக்குக் குவாண்டம் விளைவே காரணம் என்று எழுதும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. அவற்றை நம்பாமல் இருப்பது நல்லது.

அளவு முக்கியமாவது வேறு வழியில். 5 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துத்தநாக ஆக்சைடு உருண்டையை எடுத்துக்கொள்வோம். அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் அதற்குள் ஏறக்குறைய 2,700 துத்தநாக அணுக்களும் அதே அளவு ஆக்சிஜன் அணுக்களும் இருக்கும். வெளிப்புறத்தில் 0.3 நானோமீட்டர் தடிமனுள்ள தோலை மட்டும் பிரித்துப் பார்த்தால், மொத்தக் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தோலிலேயே அடங்கிவிடுகிறது. அதே தோல் 100 நானோமீட்டர் துகளில் இரண்டு சதவீதம்கூட இல்லை. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சில அணுக்கள் கிடையாது. அதன் பிணைப்புகள் அரைகுறையாகத் தொங்கும், அல்லது ஹைட்ராக்சில், அசிட்டேட், நீர் என்று அகப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும். எலக்ட்ரானும் துளையும் ஒன்றுசேருமுன் எங்காவது சிக்கிக்கொள்ள வேண்டுமென்றால், அதற்கான இடங்கள் அங்கே தாராளம். சிக்கும் இடம் ஆற்றல் இடைவெளியின் நடுவில் எங்கோ இருப்பதால், வெளிவரும் ஒளியின் ஆற்றலும் குறைகிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் அப்படி வருபவைதான்.

சரி, எந்த இடத்தில் சிக்குகின்றன? இங்கேதான் சர்ச்சை. 1969-இல் டிங்கிள் என்பவர், பச்சைக்குக் காரணம் படிகத்தில் கலந்திருக்கும் செப்பு மாசு என்றார். மிகக் குறைந்த வெப்பநிலையில் அந்தப் பச்சைப் பட்டை நுண்ணிய படிப்படியான அமைப்போடு தெரியும். அந்த அமைப்பு செப்போடு பொருந்தியது. ஆனால் செப்பே இல்லாத தூய மாதிரிகளும் பச்சையாக ஒளிர்ந்தன, அந்தப் படிகள் இல்லாமல். 1996-இல் வான்ஹியூஸ்டனும் கூட்டாளிகளும் சோடி சேராத எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் கண்டறியும் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு முறையில் 1.96 என்ற ஜி மதிப்பில் (சமிக்ஞையை அடையாளம் காட்டும் எண்) வரும் ஒரு சமிக்ஞையையும் பச்சை ஒளியின் செறிவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. அந்தச் சமிக்ஞை ஒற்றை மின்னூட்டம் கொண்ட ஆக்சிஜன் காலியிடத்துடையது, ஆகவே பச்சையும் அதனுடையதே என்று முடிவு கட்டினார்கள். ஆக்சிஜன் காலியிடம் என்றால், படிகத்தில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடப்பது.

இந்த முடிவு அசுர வேகத்தில் பரவியது. பச்சை வந்தால் ஆக்சிஜன் காலியிடம் என்பது ஒரு வாய்ப்பாடு போலவே ஆகிவிட்டது. அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது: 1.96 சமிக்ஞை ஆக்சிஜன் காலியிடத்துடையது அல்ல, எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும், ஆழமில்லாத கொடையாளி நிலைகளுடையது. காலியிடத்தின் சமிக்ஞை 1.99 பக்கத்தில் வருகிறது. 2007-இல் ஜனோட்டியும் வான் டி வாலும் செய்த கோட்பாட்டுக் கணக்கு இன்னொரு அடி கொடுத்தது. எலக்ட்ரான் மிகுந்த துத்தநாக ஆக்சைடில் ஆக்சிஜன் காலியிடம் உருவாகவே நிறைய ஆற்றல் வேண்டும். துத்தநாகக் காலியிடம்தான் எளிதாக உருவாகும், பச்சைக்கும் அதுவே பொருத்தம் என்றது அது. இன்று நிதானமாக எழுதுகிறவர்கள் ஒரே குற்றவாளியைத் தேடுவதில்லை. செப்பு தரும் பச்சை, துத்தநாகக் காலியிடம் தரும் பச்சை, மேற்பரப்பு தரும் பச்சை என்று பல இருக்கின்றன. அகலமான ஒரே மேடாகத் தெரிவது அவற்றின் கூட்டு. என் கணிப்பும் அதுவே. ஒளிர்வு நிறமாலையை மட்டும் வைத்துக் குறைபாட்டின் பெயரைச் சொல்லும் கட்டுரையை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பாதிதான் நம்ப முடியும்.

நானோதுகளுக்கென்று தனியாக ஒரு நல்ல விளக்கம் 2000-இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒளி பட்டு உருவான துளை முதலில் மேற்பரப்பில் சிக்குகிறது. அங்கிருந்து துகளுக்குள் இருக்கும் ஓர் ஆழமான மையத்துக்கு ஊடுருவிப் போகிறது. கடத்துப் பட்டையில் காத்திருக்கும் எலக்ட்ரான் கீழே இறங்கி அந்த மையத்தில் அதைச் சந்திக்கும்போது பச்சை ஒளி வருகிறது. துகள் சிறியதானால் துளை மேற்பரப்பை அடைவது எளிது, ஆகவே புற ஊதா மங்கிப் பச்சை ஓங்கும். ஆழமான மையம் எதுவென்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டாலும் மேற்பரப்பின் பங்கை இந்த விளக்கம் சரியாகப் பிடித்திருக்கிறது. கூடவே இன்னொன்றையும் விளக்குகிறது: துகள் வளர வளரக் கடத்துப் பட்டையின் விளிம்பு கீழே இறங்கும், அதனால் ஒளியும் பச்சையிலிருந்து மஞ்சள் பக்கம் நகரும்.

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை, எத்தனால் வழித் தயாரிப்பு போதும். ஈரேற்றத் துத்தநாக அசிட்டேட்டைக் கொதிக்கும் எத்தனாலில் கரைக்கிறார்கள். குளிரவிட்டால் வெள்ளையாகப் பொடி படியும். தயாரிப்பு கெட்டுவிட்டது என்று முதல்முறை செய்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். பூச்சிய டிகிரிக்குக் குளிரவைத்து, எத்தனாலில் கரைத்த லித்தியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் கலங்கல் தெளிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தண்ணீர் போலத் தெரியும் அந்தத் திரவத்தில் 3 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள் மிதக்கின்றன. மேற்பரப்பில் ஒட்டிய அசிட்டேட் அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் பளிச்சென்று ஒளிர்கிறது. குளிர்பெட்டியில் வைத்தால் வளர்ச்சி மந்தமாகும். அறை வெப்பத்தில் விட்டால், அல்லது கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால், சிறிய துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படியத் தொடங்கும். நாட்கள் செல்லச் செல்ல ஒளி மஞ்சளாகிறது. ஹெக்சேன் ஊற்றினால் துகள்கள் வெள்ளையாகக் கீழே விழுந்துவிடும். பிரித்துக் கழுவி மறுபடி எத்தனாலில் கலக்கலாம்.

தண்ணீரில் செய்யும் வீழ்படிவு முறை இதைவிடச் சுலபம், கட்டுப்பாடும் அவ்வளவுக்குக் குறைவு. துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிச் சூடாக்கி, வரும் வெள்ளைப் படிவை மையவிலக்கியில் சுற்றிக் கழுவிக் காயவைத்து உலையில் சுடுவார்கள். துகள்களின் அளவு ஒரே சீராக வர வேண்டுமானால், துகள் வளரத் தொடங்கும் முதல் சிறு திரள்களான கருக்கள் எல்லாம் ஒரே நொடியில் உருவாகி, அப்புறம் புதிதாக ஒன்றும் உருவாகாமல் இருப்பவை மட்டும் வளர வேண்டும். லாமெர் 1950-இல் கந்தகக் கூழ்மங்களை வைத்துச் சொன்ன இந்த விதி ஆக்சைடுகளுக்கும் பொருந்தும். தண்ணீரில் வினை வேகமாக நடந்துவிடுவதால் அதைக் கடைப்பிடிப்பது கடினம். கழுவுவதும் அலட்சியமாகச் செய்யக்கூடிய வேலையில்லை. மிஞ்சிய சோடியம் சூட்டில் படிகத்துக்குள் போய்விடக்கூடும்.

சுடும் கட்டத்தில்தான் ஒளியின் தலையெழுத்து பெரிதும் தீர்மானமாகிறது. 500 டிகிரியில் காற்றில் சுட்டால் ஹைட்ராக்சில் வெளியேறுகிறது, படிக ஒழுங்கு கூடுகிறது, துகளும் பல பத்து நானோமீட்டருக்கு வளர்ந்துவிடுகிறது. பொதுவாக 380 நானோமீட்டர் புற ஊதா ஓங்கும். அதே பொடியை ஹைட்ரஜன் கலந்த வாயுவில், இன்னும் அதிகச் சூட்டில் சுட்டால் பச்சை ஓங்கும். இதைத் தொழிற்சாலைகள் நானோ என்ற பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தன. பழைய கணிப்பான்களிலும் கார்களின் முகப்புப் பலகைகளிலும் நீலப்பச்சையாக ஒளிர்ந்த வெற்றிடத் திரைகளில் இருந்தது இப்படி ஆக்சிஜனைக் கொஞ்சம் பறித்த துத்தநாக ஆக்சைடுதான். அதன் உச்சம் 505 நானோமீட்டர் பக்கத்தில். மின்சாரம் கடத்தும் என்பதால் சில பத்து வோல்ட்டிலேயே அது வேலை செய்தது.

துத்தநாகத்தை விட்டு வெளியே வந்தால் இன்னொரு வகை ஒளிர்வு இருக்கிறது. அங்கே ஆக்சைடு வெறும் வீடு, ஒளிர்வது அதற்குள் குடியிருக்கும் அயனி. இதில் மூத்தது யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சைடு. குழல்விளக்குகளின் வெள்ளை ஒளியில் இருந்த சிவப்பு பல பத்தாண்டுகள் இதனுடையதே. பாதரச ஆவியின் 254 நானோமீட்டர் ஒளியை வாங்கி 611 நானோமீட்டரில் கூர்மையான சிவப்பாகக் கொடுக்கும். யூரோப்பியத்தின் ஒளிரும் எலக்ட்ரான்கள் உள்கூட்டில் இருக்கின்றன, வெளிக்கூடுகள் அவற்றை மறைத்துக் காக்கின்றன. அதனால் துகளைச் சுருக்கினாலும் கோட்டின் இடம் பெரிதாக நகராது.

ஆனால் கோடுகளின் பலம் மாறும். இட்ரியம் ஆக்சைடின் ஓர் அலகுக் கூட்டில் (படிகம் முழுதும் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி) 32 இட்ரியம் இடங்கள் உண்டு. அவற்றில் 24 சமச்சீர் குறைந்தவை. மீதி எட்டும் மையச் சமச்சீர் உள்ளவை, அதாவது ஒரு பக்கத்து அணுவுக்கு நேர் எதிரே அதே அணு இருப்பவை. 611 நானோமீட்டர் சிவப்பு முதல் வகை இடத்தில்தான் வலுவாக வரும். மையச் சமச்சீர் உள்ள இடத்தில் அதற்கு அனுமதியில்லை. 590 பக்கத்தில் வரும் ஆரஞ்சுக் கோட்டுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. ஆகவே சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே யூரோப்பியம் எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றுப்புறம் எவ்வளவு கலைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். படிகத்துக்குள் வேறெதையும் நுழைக்காமல், ஏற்கெனவே அங்கிருக்கும் அயனியையே உளவாளியாக வைத்து விசாரிப்பது போன்ற வேலை இது. இன்னொரு விந்தையும் உண்டு. பெரிய படிகத்தில் இந்த ஒளிர்வு தணிய ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதானால், சுற்றியுள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. காற்றில் வைத்தால் மெதுவாகத் தணியும், அதிக விலகல் எண் உள்ள திரவத்தில் வைத்தால் வேகமாகத் தணியும். 1999-இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இந்த வகைப் பொருள்களுக்கு ஏற்ற தயாரிப்பு எரிதல் முறை. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் 1988-இல் வெளியிட்ட முறை அது. அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து 500 டிகிரி உலைக்குள் தள்ளினால், கலவை கொதித்து, நுரைத்து, திடீரென்று தீப்பிடிக்கிறது. நைட்ரேட் ஆக்சிஜன் தருகிறது, யூரியா எரிபொருள். உலையின் சூட்டைவிடப் பல நூறு டிகிரி அதிகமாகச் சுடர் எழும்புவதால், ஐந்து நிமிடத்துக்குள் படிகமான அலுமினா உப்பிய நுரையாகக் கையில் கிடைக்கிறது. வெளியேறும் வாயுக்கள் பொருளைப் பொங்கவைப்பதால் துகள்கள் நுண்மையாக இருக்கும். கலப்பு அயனியும் ஆரம்பத்திலேயே கரைசலில் அணு அளவில் கலந்துவிடுகிறது. பொடிகளை அரைத்துக் கலக்கிப் பல மணி நேரம் சுடும் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் சுபமா என்றால் இல்லை. எரிந்து கிடைத்த பொடியில் கார்பனேட்டும் ஹைட்ராக்சிலும் ஒட்டியிருக்கும். ஹைட்ராக்சிலின் அதிர்வு 3,400 அலைஎண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) பக்கத்தில் இருப்பதால், யூரோப்பியம் வைத்திருக்கும் ஆற்றலை நாலைந்து அதிர்வுகளிலேயே வெப்பமாக விழுங்கிவிடும். அதை விரட்ட 1,000 டிகிரி வரை சுட வேண்டும். சுட்டால் ஒளி கூடும், ஆனால் துகள் நானோவாக இருக்காது. வெளிச்சம் வேண்டுமா, நுண்மை வேண்டுமா என்ற இந்த இழுபறி ஆக்சைடு ஒளிர்பொருள்கள் எல்லாவற்றிலும் உண்டு. விளக்குத் தொழிலில் நானோதுகள் பெரிதாக நுழையாததற்கு இதுதான் நேர்மையான காரணம். சில மைக்ரான் அளவுள்ள பழைய பொடிகளே அதிகம் ஒளிர்ந்தன.

மற்ற ஆக்சைடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைட்டானியம் டை ஆக்சைடு ஒளிர்வில் மந்தம். அதன் அனடேஸ் வடிவத்தின் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்றாலும் மறைமுகமானது, அதாவது எலக்ட்ரானும் துளையும் நேரடியாகச் சேர்ந்து ஒளி தருவது கடினம். வெள்ளீய ஆக்சைடில் பட்டைக்குப் பட்டை நேரடித் தாவல் தடைப்பட்டது. அதிலிருந்து வரும் ஒளி பெரும்பாலும் குறைபாடுகளுடையது. இருட்டில் மணிக்கணக்காக ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தனிக்கதை. 1996-இல் ஜப்பானில் வெளியான அந்தப் பொருளில் யூரோப்பியம் 520 நானோமீட்டர் பச்சையைத் தருகிறது. டிஸ்ப்ரோசியம் சேர்த்ததும் ஆற்றல், மின்னூட்டங்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் சேமிப்பாகி மெதுவாகக் கசிகிறது. நீர் பட்டால் சிதையும் என்பதால், மேற்பரப்பு பெருகும் நானோ வடிவம் அதற்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

இப்போது கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும் விஷயம்: அளவீடு. ஒளிர்வு நிறமாலையில் தெரியும் மேடு எல்லாம் துகளுடையதல்ல. 325 நானோமீட்டரில் தூண்டினால், ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கருவியின் கீற்றணி அதே ஒளியை இரண்டாம் வரிசையில் 650 நானோமீட்டரில் மறுபடி காட்டும். தகுந்த வடிகட்டி போடாதவர்கள் அதைச் சிவப்பு ஒளிர்வு என்று எழுதிவிடுகிறார்கள். செனான் விளக்குக்கு 460 முதல் 480 நானோமீட்டர் வரை வலுவான கோடுகள் உண்டு. வெள்ளைப் பொடி அவற்றை நன்றாகச் சிதறடிக்கும். அந்தப் பக்கத்தில் கூர்மையான சிறுசிறு நீல மேடுகள் தெரிந்தால் முதல் சந்தேகம் விளக்கின் மேல்தான் விழ வேண்டும். நீரில் கலந்த மாதிரியை 350 நானோமீட்டரில் தூண்டினால் 397 பக்கத்தில், நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் எழும் ராமன் மேடு வந்து நிற்கும், எக்சைட்டான் ஒளி போலவே பாசாங்கு செய்யும். சோதனை எளிது: தூண்டும் அலைநீளத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். மேடும் கூடவே நகர்ந்தால் அது துகளின் ஒளி அல்ல.

இதே கண்ணோடு பசுமைத் தயாரிப்பையும் பார்க்க வேண்டும். இலைச்சாற்றை ஊற்றி ஆக்சைடு நானோதுகள் செய்யும் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. நச்சுக் கரைப்பான்களைத் தவிர்ப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் ஒளிர்வு என்று வரும்போது, சாற்றில் உள்ள பச்சையம் தானே 680 நானோமீட்டர் பக்கத்தில் சிவப்பாக ஒளிரும், ஃபிளாவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்களும் ஒளிரும். சாறு மட்டும் உள்ள ஒப்பீட்டு மாதிரியை அளக்காமல் துகளின் ஒளி இது என்று சொல்வதில் பொருளில்லை. துகளைக் கடைசியில் 400, 500 டிகிரியில் சுட்டுவிட்டால் சாற்றின் பங்கு பெரும்பாலும் எரிந்துபோகும். அப்படியானால் வேலையைச் செய்தது இலையா உலையா என்று கேட்கத் தோன்றுகிறது.

துத்தநாக ஆக்சைடு நானோதுகளுக்கு இன்று மின்னணுவியலில் உறுதியான இடம் இருப்பது, அதன் ஒளி யாருக்கும் தேவைப்படாத ஓரிடத்தில். குவாண்டம் புள்ளி எல்இடிகளில் எலக்ட்ரான்களைப் புள்ளிகளிடம் கொண்டுசேர்க்கும் அடுக்கு அதனால் ஆனது. பெரும்பாலும் மக்னீசியம் கலந்து, எத்தனால் கரைசலிலிருந்தே பூசுகிறார்கள். அங்கே பச்சை ஒளிர்வு தெரிந்தால் அது கெட்ட சகுனம். புள்ளிக்குப் போக வேண்டிய எலக்ட்ரான் வழியில் சிக்குகிறது என்று பொருள். மக்னீசியம் சேர்த்தால் இடைவெளி விரிகிறது, கடத்துப் பட்டையின் விளிம்பும் உயர்கிறது. மேற்பரப்பில் எலக்ட்ரான் சிக்கும் இடங்களை அடைக்க வேறு அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் ஒட்டிப் பார்க்கிறார்கள். அந்த அடைப்பு வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள அவர்கள் முதலில் அளப்பது, அந்தப் பச்சை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதைத்தான்.